கறுத்துப்போன அரைஞாண்

"நான் பேசின பேச்சால ஒரு பையன் செத்துப்போயிட்டான்னு காலேஜே சொல்லுது சார். அது நிஜமான்னு மட்டும் நீங்க கண்டுபிடிச்சுச் சொல்லணும்."

இதைச் சொன்ன ராமாமணிக்கு இருபத்தெட்டு வயதிருக்கும். கோயமுத்தூர்க் கல்லூரி ஒன்றில் ரசாயன விரிவுரையாளர். கணபதியில், லேத் பட்டறைக்குப் பக்கத்து வீட்டில் அவள் எதிரே உட்கார்ந்திருந்தவர் ரங்கராஜ். போலீஸ் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய நண்பர் கம்பவுண்டர் பாலுசாமி, வழக்கு என்ற வார்த்தை காதில் விழுந்தாலே நாற்காலியின் நுனிக்கு வந்துவிடுவார். இப்போதும் வந்திருந்தார்.

"நடந்ததை நடந்தபடி சொல்லுங்க" என்றார் ரங்கராஜ்.

"சுப்பண்ணன்னு பேர். பி.எஸ்ஸி. கடைசி வருஷம். உடுமலைப்பேட்டைப் பக்கம் கிராமம். நான்தான் அவனுக்கு ட்யூட்டர். படிப்பிலயும் மத்ததிலயும் அவனுக்கு யோசனை சொல்ல வேண்டியது என் பொறுப்பு. உப்புப் பரிசோதனையில இரண்டாம் குரூப் அவனுக்கு வரவே இல்லை. வாயு அறையில வாயுவைச் செலுத்திப் பார்க்கிற பரிசோதனை அது. திங்கட்கிழமை கூப்பிட்டு, 'நாளைக்கு லேபுக்குப் பொழுதோட வந்துடு, பக்கத்தில இருந்து சொல்லித் தரேன்'னு சொன்னேன். செவ்வாய்க்கிழமை காலை ஏழரையிலேருந்து காத்திருந்தேன். வரவே இல்லை. பத்து மணி வகுப்பில பார்த்ததும் கோபம் வந்துட்டுது. 'வரச் சொன்னா வரத் தெரியாதா? நீ மாடு மேய்க்கத்தான் லாயக்கு'ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க."

"அவன் என்ன சொன்னான்?"

"'இன்னும் பொழுது இருக்குதுங்களே மேடம், வாரனுங்க'ன்னான். எதிர்த்துப் பேசறான்னு வெளியில நிறுத்திட்டேன். மறுநாள் காலை தராசு அறையில செத்துக் கிடந்தான். பக்கத்தில சயனைடு புட்டி, ஒரு டம்ளர். திட்டு தாங்காம விஷம் குடிச்சான்னு சொல்றாங்க. வயிற்றிலிருந்து எடுத்ததைச் சென்னைக்கு அனுப்பியிருக்காங்க, பதில் வர மாசக்கணக்காகுமாம். சனிக்கிழமைக்குள்ள என் பேரில் முடிவு செய்துடுவாங்க. வேலை போனா போகட்டும் சார். எனக்குத் தூக்கம் வரலை."

ரங்கராஜ் பையனுடைய பதிலை மறுபடியும் சொல்லச் சொல்லி, ஒரு எழுத்து விடாமல் எழுதிக்கொண்டார்.

"உங்களுக்குச் சொந்த ஊரு?"

"கும்பகோணம். போன ஜூலையிலதான் இங்கே வந்தேன்."

*

ஹாஸ்டல் அறையில் சுப்பண்ணனின் தாய் செல்லாத்தாள் மகனுடைய டிரங்குப் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தாள். அழுது முடித்த முகம். வந்தவர்களை ஏறிட்டுப் பார்த்தவள், மடியிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து அவிழ்த்தாள். உள்ளே ஒரு வெள்ளி அரைஞாண். கரிக்கட்டை போலக் கறுத்திருந்தது.

"ஏனுங்க, நீங்களாச்சும் சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை ஊட்டுக்கு வந்தப்ப நாந்தான் சாம்பல் போட்டுத் தேச்சு உட்டேன். பளபளன்னு இருந்துதுங்க. ரெண்டே நாள்ல இப்படிக் கறுக்குமுங்களா? மருந்தக் குடிச்சுச் செத்தவன்னு எங்கூர்ல நாங்க சோறு போட்ட ஊடு கூட எழவுக்கு வரலீங்க. எம்பையன் அப்படிச் செய்யறவன் இல்லீங்க சாமி."

"விஷம் ஏறினா வெள்ளி கறுக்குமுங்க!" என்றார் பாலுசாமி. "கேஸ் முடிஞ்சுதுங்ணா."

"முப்பது வருஷம் மருந்து கலக்கியிருக்கே பாலு. சயனைடு வெள்ளியைக் கறுக்கச் செய்யுமா?"

பாலுசாமி யோசித்தார். முகம் வாடியது. "செய்யாதுங்க. கறுத்த வெள்ளியை வெளுக்கத்தான் தட்டானுங்க அதை வெச்சிருப்பானுங்க."

"அவன் வகுப்புக்கு லேப் என்னிக்கு?" என்று அவரிடமே கேட்டார் ரங்கராஜ்.

"வியாழக்கிழமை மட்டுந்தானுங்க, வெளியே போர்டுல எழுதியிருக்குது."

ரங்கராஜ் செல்லாத்தாளிடம் அரைஞாணை இரவலாகக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

*

ஆய்வுக்கூடத்து உதவியாளர் ஐயாசாமி சாவிக்கொத்துடன் முன்னால் நடந்தார். தராசு அறையில் எல்லாம் துடைத்து வைத்தபடி இருந்தது. விஷ அலமாரியின் பூட்டில் கீறல் ஒன்றுமில்லை.

"இதுக்குச் சாவி உங்க கொத்துல இருக்குதுங்களா?" என்று கேட்டார் ரங்கராஜ்.

"இல்லீங்க. புரபசர்கிட்ட மட்டுந்தானுங்க."

வராந்தாக் கோடியில் இருந்தது வாயு அறை. ஆள் கையை நீட்டினால் இரண்டு சுவரும் தட்டும். அழுகின முட்டை வாடை வெளியே போகாதபடி, கதவு தானே சாத்திக்கொள்ள ஸ்பிரிங் போட்டிருந்தார்கள். ஒரே ஒரு ஜன்னல். அதன் மேல் குறுக்கே பலகைகள். ஆணிகளின் தலை இன்னும் மினுங்கிக்கொண்டிருந்தது.

"இதை எப்ப அடிச்சீங்க?"

"போன வாரமுங்க. பிரின்சிபால் ரூமுக்கு வாடை வருதுன்னு புரபசர்தான் அடைக்கச் சொன்னாருங்க. வாடை வெளிய போக வேற தடம் போடற வரைக்கும் யாரையும் உள்ள உட வேண்டாம்னாரு." ஐயாசாமி சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டார்.

மேஜைக்கு அடியில் குனிந்த பாலுசாமி, உடைந்த சோதனைக்குழாய்த் துண்டு ஒன்றுடன் எழுந்தார். உள்பக்கம் மஞ்சளாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது.

*

வெள்ளிக்கிழமை பிற்பகல், ஆய்வுக்கூடத்து நீள மேஜையைச் சுற்றி, ரங்கராஜையும் பாலுசாமியையும் தவிர நான்கு பேர் இருந்தார்கள்: துறைத்தலைவர் புரபசர் அரங்கசாமி, ஐயாசாமி, ராமாமணி, செல்லாத்தாள். ரங்கராஜ் அரைஞாணையும் கண்ணாடித் துண்டையும் மேஜை மேல் வைத்தார்.

"சுப்பண்ணன் சயனைடு குடிக்கலீங்க. அந்த அலமாரியைத் திறக்க அவன்கிட்டச் சாவியும் இல்லை, பூட்டை அவன் உடைக்கவும் இல்லை. வெள்ளியை ஒரே நாள்ல இப்படிக் கறுக்கச் செய்யறது வாயு அறையில இருக்கிற வாயு. ஞாயித்துக்கிழமை தேச்சதுக்கு அப்புறம் அவன் வகுப்புக்கு லேபே இல்லை. அரைஞாண் வேட்டிக்குள்ள இருந்துது. அங்க இருக்கிற வெள்ளியே இப்படிக் கறுக்கோணும்னா, அறை பூரா வாயு நிறைஞ்சு, அதுக்குள்ள அவன் வெகுநேரம் கிடந்திருக்கோணும். செத்தது அங்க. தராசு அறைக்கு யாரோ தூக்கிட்டு வந்திருக்காங்க."

"வாடை வந்ததும் எந்திரிச்சு ஓடியிருப்பானேங்ணா?" என்றார் பாலுசாமி.

"கொஞ்சமா இருந்தா வாடை வரும். நிறைஞ்சுபோச்சுன்னா மூக்கு மரத்துப்போகும். வாயு நின்னுபோச்சுன்னுதான் நினைச்சிருப்பான். ஜன்னல் அடைச்சிருக்குது, கதவு தானாச் சாத்திக்கும். புரபசர், ஜன்னலை அடைக்கச் சொன்னது நீங்க. விஷ அலமாரிச் சாவி வெச்சிருக்கறதும் நீங்க."

அரங்கசாமி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"போன உயிரு போயிருச்சு" என்றார் கடைசியில். "டிபார்ட்மெண்டை மூடிப்போடுவாங்களேன்னு பயந்துபோட்டேன். நானும் ஐயாசாமியும்தான் தூக்கினோம். ஆனா அவனை உள்ள போகச் சொன்னது நான் இல்லை."

ஐயாசாமி சுவரைப் பார்த்தபடி பேசினார். "நாந்தானுங்க வாயு அறையைத் தொறந்து உட்டேன். ஆறு மணிக்கு வந்து நின்னான். மேடம் பொழுதோட வரச் சொன்னாங்க, இப்ப வந்துருவாங்கன்னான். யாரையும் உட வேண்டாம்னு சொல்லியிருந்தும், மேடம் இருப்பாங்கன்னு நம்பி உட்டுப்போட்டு ஊட்டுக்குப் போயிட்டேனுங்க. வெடியால வந்து பாத்தா..."

"நான் நாலு மணிக்கே வீட்டுக்குப் போயிட்டேனே!" என்றாள் ராமாமணி. "சார், அப்போ நான் திட்டினதால அவன் சாகலையா?"

"திட்டினதால இல்லீங்க."

அந்தப் பதிலில் இருந்த இழுப்பு அவளுக்குப் புரிந்தது. "வேற எதனால?"

பாலுசாமி மெதுவாக, "அது எதுக்குங்ணா இப்ப?" என்றார்.

"கேட்டுத்தானே வந்தாங்க." ரங்கராஜ் தம் நோட்டுப் புத்தகத்தை மூடினார். "உங்க ஊர்ல பொழுதோட வான்னா, நேரம் ஆகறதுக்கு முந்தியே வான்னு அர்த்தம். இங்க பொழுதோடன்னா சாயங்காலமுங்க. இந்த ஊர்ல பிறந்த யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவாங்க. பத்து மணிக்கு ஏன் திட்டறீங்கன்னு அவனுக்கு விளங்கியே இருக்காது. அவன் எதிர்த்துப் பேசலீங்க. சாயங்காலம் ஆகலியே, வாரேன்னு சொன்னான்."

ராமாமணி கண்ணாடித் துண்டை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். "மஞ்சள். காட்மியம், இரண்டாம் குரூப்" என்றாள். "சரியாத்தான் செஞ்சிருக்கான்." துண்டை மேஜை மேல் வைத்தாள்.

பிறகு எழுந்து செல்லாத்தாளின் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். "அம்மா, உங்க ஊர்ப் பேச்சு எனக்குத் தெரியலை. நான்தான் வரச் சொன்னேன்."

செல்லாத்தாள் அவளைப் பார்த்தாள். குரலில் கோபம் இல்லை. விட்டுப்போன ஒன்றைத் திருத்திச் சொல்வதுபோல்தான் சொன்னாள்.

"எம்பையன் வந்து உக்காந்திருந்தானுங்க அம்மணி. நீங்கதான் வரலீங்க."