களஞ்சிய நாயகர் சுமந்த பழி

பெண்ணையாற்று மணற்பரப்பு அந்திச் செவ்வொளியில் தகதகத்ததையும், அக்கரையில் பகைவர் பாசறையின் தீப்பந்தங்கள் ஒவ்வொன்றாய்ச் சுடர்விட்டதையும் நெடுநேரம் வருணிக்கலாம்தான். ஆனால், அன்பு வாசகர்களே, வெண்கரைக் கோட்டையில் அன்று அதையெல்லாம் பார்க்க யாருக்கு மனமிருந்தது? ஈராண்டாக மழை பொய்த்து, நெல் என்பதே குதிரைக்கொம்பாகிவிட்டது. வானத்தைக் கட்டிவைத்து உதைக்க முடியுமா? கையில் அகப்பட்டவர் களஞ்சிய நாயகர் கொற்றங்கீரன். களஞ்சியக் கதவுகளுக்கு அரச முத்திரையிட்டு நெல்லைப் பதுக்கினார் என்று ஊரே கொதித்தது. நாடுகடத்தும் தண்டனையும் விதிக்கப்பட்டது.

அவருக்கென்று நிச்சயிக்கப்பட்டிருந்த அரிஞ்சிகை, வாயிற்காவலரிடம் மன்றாடிச் சிறையறைக்குள் ஓடிவந்தாள்.

"திறவுகோலைக் கொடுங்கள்! நானே களஞ்சியத்தைத் திறந்துவிடுகிறேன். நெல்லைக் கண்டால் ஊர்க் கோபம் ஆறிவிடும்."

"திறந்தால் கோட்டையே பறிபோகும், அரிஞ்சிகை. உள்ளே ஒரு மணி நெல் கிடையாது."

கொற்றங்கீரன் குரலைத் தாழ்த்தினார்.

"நம்மிடம் நெல் குவிந்து கிடக்கிறது என்று நம்புவதால்தான் பகைவர் முற்றுகையிடத் தயங்குகிறார்கள். நெல் ஏற்றிய நாவாய்கள் வந்து சேரும்வரை அந்த எண்ணம் கலையக்கூடாது. இதை மன்னர் அறிவார், நான் அறிவேன், இப்போது நீ."

"அதற்காகத் தாங்கள் திருடன் பட்டம் சுமப்பதா? ஐயோ, இது அடுக்குமா?"

"இன்னொன்றும் கேள். நாடுகடத்தப்படுகிறவன்மேல் முதல் பிடி மண்ணை அவனுக்கு நெருங்கிய உறவு தூற்றிய பிறகே ஊரார் தூற்றுவது நம் வழக்கம். எனக்கு உன்னைவிட்டால் யார்? கூட்டத்தில் ஒற்றர்கள் இருப்பார்கள். அவர்கள் உன் முகத்தைத்தான் பார்ப்பார்கள். நீ அழுதால் எல்லாம் பாழ்."

"என்னால் ஆகாது, சுவாமி!"

"சத்தியம் செய்."

அவர் நீட்டிய உள்ளங்கையில் அவள் கை விழுந்தது. பாவிப் பெண், சத்தியம் செய்துவிட்டாள்!

கோட்டைவாயில் திறந்தது. அரிஞ்சிகை குனிந்து மண்ணை வாரினாள்.

"பிள்ளைகளின் சோற்றில் கைவைத்த பாதகா! நீ நாசமாய்ப் போக!"

மண் அவர் நெஞ்சில் விழுந்தது. "அப்படிக் கேள், தாயே!" என்று ஆர்ப்பரித்த கூட்டம் தானும் மண்ணை வாரியது. மண்ணோடு நின்றார்களா? கற்களும் பறந்தன. கொற்றங்கீரன் கையை உயர்த்தித் தடுக்கக்கூட இல்லை. வாயிலைத் தாண்டியதும் மணலில் சாய்ந்தவர் எழுந்திருக்கவேயில்லை.

கூட்டத்தோரம் வளையல் வியாபாரியாய் நின்ற பகைவரின் ஒற்றன், 'களஞ்சியம் நிறைந்துதான் இருக்கிறது' என்ற திருப்தியுடன் பரிசலை நோக்கி நழுவினான். கோட்டை பிழைத்தது.

அண்டைவீட்டுக்காரி அரிஞ்சிகையின் கன்னத்தைத் தடவி, "தாலி ஏறுவதற்கு முன்னமே அவன் குட்டு வெளிப்பட்டதே, நீ தப்பித்தாயடி கண்ணே" என்றாள்.

ஒற்றன் இன்னும் பரிசலில் ஏறவில்லை.

"ஆமாம் அக்கா," என்று சிரித்தாள் அரிஞ்சிகை, "நல்லவேளை, தப்பித்தேன்."