ஜும்ஆ நேரத்து மின்சாரம்

மொட்டை மாடியிலிருந்து அலறல்!

"ஓடி வாங்க! றிஸ்கானுக்குக் கரண்ட் அடிச்சிட்டு!"

ஜும்ஆத் தொழுகை முடிந்து கல்முனையின் அந்த அரச அலுவலகத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தவர்கள் மேலே ஓடினார்கள்.

ஏசி இயந்திரங்களின் வெளிப்பெட்டிகளுக்கு நடுவே தொழில்நுட்ப உத்தியோகத்தர் றிஸ்கான் கிடந்தான். ஒரு பெட்டியின் மூடி கழன்றிருந்தது. விரல்களுக்குள் ஒரு வயர். பின்தலையில் இரத்தம்.

உயிர் இல்லை.

பக்கத்தில் அலுவலகத் தலைவர், பணிப்பாளர் ஸாஜித். அலறியவர் அவர்தான். வலது கையைக் கைக்குட்டையால் இறுக்கச் சுற்றியிருந்தார்.

சப்-இன்ஸ்பெக்டர் தர்சினி வந்தபோது கதை முழுசாகத் தயாராக இருந்தது. பள்ளிவாசலிலிருந்து நேரே மேலே வந்தாராம். றிஸ்கான் துடித்துக்கொண்டிருந்தானாம். இழுக்கப் போனாராம்...

"என்னையும் தூக்கி எறிஞ்சிட்டு மிஸ். கையப் பாருங்க. மெயின ஓஃப் பண்ணாம வேல செஞ்சிரிக்கான். அவன்ட கவலையீனம்தான்."

செத்தவன் தலையிலேயே பழி! எவ்வளவு வசதி!

அரச கட்டடங்களில் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் திட்டத்துக்கு ஸாஜித்தான் பொறுப்பு. பழைய ஏசிகளைக் கழற்றிவிட்டுப் புதியவை பொருத்தியதும் அவர்தான். 'மின்சாரத்தைச் சேமிப்போம்' என்று அவர் சிரிக்கும் படம் ஊரிலுள்ள அரச சுவர்களில் எல்லாம் ஒட்டியிருந்தது. ஆள் மட்டும் வெள்ளிக்கிழமைகளில் அலுவலகப் பக்கம் தலைகாட்டுவதில்லை. எப்போதும் கொழும்பில் கூட்டம். இன்றைக்குத்தான் அதிசயமாக வந்திருந்தார்.

றிஸ்கானின் மனைவி ஸஹ்றா, தன் மாமாவோடு வந்து சேர்ந்தாள். அழக்கூடத் தெம்பில்லை.

ஸாஜித் அவர்களிடம் இதமாகப் பேசினார். விபத்துத்தானே, பிரேத பரிசோதனை என்று உடம்பை அறுக்க விட வேண்டாம், மரண விசாரணை அதிகாரியிடம் தானே கதைத்து அஸர் தொழுகைக்குள் அடக்கிவிடலாம் என்றார். ஜனாஸாவைத் தாமதிக்காமல் அடக்குவதுதான் அவர்கள் வழக்கம். ஸஹ்றா தலையாட்டினாள். மையவாடியில் குழி வெட்டத் தொடங்கிவிட்டார்கள்.

தர்சினிக்கு எரிச்சலாக வந்தது. மண்ணைப் போட்டு மூடினால் உண்மையும் கூடவே போய்விடும். ஆனால் தடுக்க ஒரு காரணம் வேண்டுமே?

காரணம் படியேறி வந்தது.

நிர்வாக உத்தியோகத்தர் டெனிஸ்ரன். கிறிஸ்தவர். மற்றவர்கள் ஜும்ஆவுக்குப் போகும்போது அலுவலகத்தில் தங்குபவர். கையில் ஒரு சாவி.

"மிஸ்... இந்தக் கட்டடத்துல கரண்டே இல்ல."

ஸாஜித் சட்டென்று திரும்பினார்.

ஆளில்லாத நேரம் மெயினை நிறுத்தச் சொல்லி மேலிருந்து சுற்றுநிருபம். அதனால் வெள்ளிக்கிழமை எல்லோரும் பள்ளிக்குப் போனதும் டெனிஸ்ரன் மெயினை நிறுத்தி, அந்த சுவிட்ச் அறையைப் பூட்டிவிட்டு, பின்முற்றத்து வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்துவிடுவார். றிஸ்கானுக்கு அது தெரியும். பயமில்லாமல் பெட்டியைத் திறக்கலாம் என்றுதான் அந்த நேரத்தைப் பிடித்தான்.

"புதுக் கவருக்குள்ள பழைய மெஷினப் பூட்டியிரிக்காங்க, ஒண்டத் திறந்து பாத்திட்டு குத்பாப் பிரசங்கத்துக்கு ஓடிருவன் எண்டான் மிஸ். போகவே இல்ல."

"மறுகா எப்ப மெயினப் போட்டீங்க?"

"இன்னும் போடல்ல. அவர் உங்கக்கிட்ட முழுசாச் சொல்லி முடிக்கட்டும் எண்டு பொறுத்தன். இந்தா சாவி."

தர்சினி படிவாசல் சுவிட்சைத் தட்டினாள். விளக்கு எரியவில்லை.

ஸாஜித் சுதாரித்துக்கொண்டார்.

"அப்ப இது கொலை! நாங்க எல்லாரும் ஜும்ஆவுல. கட்டடத்துல இருந்தது இவர் ஒருத்தர்தானே!"

எல்லாக் கண்களும் டெனிஸ்ரன் பக்கம் திரும்பின.

"சரி சேர்," என்றாள் தர்சினி. "கரண்ட் இல்லாத வயர் உங்களத் தூக்கி எறிஞ்சது எப்பிடி?"

ஸாஜித் கைக்குட்டை சுற்றிய கையைப் பின்னால் மறைத்தார்.

அவளே கைக்குட்டையை அவிழ்த்தாள். தீக்காயம் எதுவும் இல்லை...

பல் தடம்! றிஸ்கான் கடைசியாகக் கடித்த கடி!

"அந்தச் சுற்றுநிருபத்த ஆராவது செய்வாங்க எண்டு நான் நினைக்கவே இல்ல..." ஸாஜித் முணுமுணுத்தார்.

"நீங்கதானே கையெழுத்து வெச்சீங்க," என்றார் டெனிஸ்ரன்.

ஸஹ்றா எழுந்தாள். இப்போது அவள் கண்ணில் சோர்வு இல்லை, ஆத்திரம்தான் இருந்தது.

"அவர்ட கவலையீனம் எண்டு சொல்லித்தானே மண்ணுக்குள்ள வெக்கப் பாத்தீங்க?" மாமாவிடம் திரும்பினாள். "குழி வெட்டுறத நிப்பாட்டச் சொல்லுங்க மாமா. டொக்டர் பாத்து, உண்மை வந்தாப் பொறகுதான் அடக்கம்."

மாலை. பொலிஸ் நிலையக் கூண்டுக்குள் வெக்கை கொதித்தது. ஸாஜித் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஃபேனைப் போடச் சொல்லிக் கெஞ்சினார்.

தர்சினி எதிர்ச் சுவரைக் காட்டினாள். அங்கேயும் அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"சேமிக்கச் சொல்லி நீங்கதானே சேர் சிரிக்கிறீங்க... நாங்க எப்பிடி மீறுற?"