நான்காம் படத்தின் கட்டில்

நேற்று போர்வைக்கு மேலே இருக்கும்படி வரைந்திருந்த குழந்தையின் கை, இன்று காலை படத்தில் போர்வைக்குள் போயிருந்தது.

மௌரிட்ஸ் தூரிகையை நனைக்காமலே நெடுநேரம் நின்றான். ஜன்னலுக்கு வெளியே கோபன்ஹேகனின் கால்வாய் உறைந்து கிடந்தது. பனிக்கட்டி எங்கோ விரிசல் விடும் ஓசை, யாரோ பல்லைக் கடிப்பதுபோல விட்டுவிட்டு வந்தது. ஆளிவிதை எண்ணெயின் நெடியோடு பக்கத்து அறையிலிருந்து கற்பூரத் தைல வாசனையும் கசிந்தது. அங்கே மகள் ஊல்லா இருமினாள்.

குடியின் கேட்டை ஊருக்கு எடுத்துச் சொல்ல நான்கு படங்கள் வேண்டும் என்று பாதிரியார் கேட்டிருந்தார். முதல் படத்தில் சாப்பாட்டு மேசை, தகப்பன் கையில் முதல் கோப்பை. இரண்டாவதில் சாராயக்கடை வாசலில் பனியில் காத்து நிற்கும் சிறுமி. மூன்றாவதில் அவளுக்குக் காய்ச்சல். நான்காவதில் அவள் சாவு. தகப்பனுக்கு மௌரிட்ஸ் கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தையே வைத்தான். சிறுமிக்கு ஆறு வயது ஊல்லாவின் முகம். சாராயக்கடை வாசலை அவன் கற்பனை செய்யவேண்டியிருக்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் அவள் அப்படித்தான் அவனுக்காக நின்றாள்.

மூன்றாம் படம் காய்வதற்குள் அவளுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது.

மனைவி பெட்ரீனா கதவருகே வந்து நின்றாள். மூன்று நாளாகத் தூங்காத முகம்.

"என்னங்க, அவ கையெல்லாம் சில்லுன்னு ஆயிடுச்சு. போர்வைக்குள்ள எடுத்து வெச்சேன்."

"எப்ப?"

"விடியறப்ப. ஏன் கேக்கறீங்க?"

அவன் படத்தின் பக்கம் திரும்பிக்கொண்டான். அவள் போனதும் கத்தியை எடுத்துப் படத்திலிருந்த குழந்தையைச் சுரண்டினான். கட்டிலைக் காலியாக்கி, பக்கத்தில் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஊல்லாவை வரைந்தான்; கன்னத்தில் சிவப்பை அள்ளிப் பூசினான். மத்தியானத்துக்குள் அந்தச் சிவப்பு வடிந்து தரையில் சொட்டியிருந்தது. காலியான கட்டிலில், போர்வைக்கடியில், ஒரு சின்ன மேடு.

வைத்தியர் வந்து பார்த்தார். "கூடவே இருங்க," என்றார் பெட்ரீனாவிடம். அவ்வளவுதான்.

அவர் போனபிறகு அவள் படத்தின் முன்னால் வந்து நின்றாள். அந்த மேட்டைப் பார்த்தாள்.

"இத அடுப்புல போடுங்க."

"அவ இதுக்குள்ள இருக்கா, பெட்ரீனா."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு மெல்லக் கேட்டாள். "கட்டில்ல வேற யாரும் படுக்கக் கூடாதா?"

யாரைச் சொல்கிறாள் என்று இருவருக்கும் தெரிந்தது. அவள் அவனைப் பார்க்காமலே மகளிடம் திரும்பிப் போனாள்.

குழந்தையை மறுபடி நிற்கவைத்து வரைந்தான். கட்டிலில் தன்னைக் கிடத்தினான். தன் நீளமான கால்கள். சாயம் படிந்த விரல்கள். கழுத்துவரை இழுத்துவிட்ட போர்வை. சுவருக்கு அப்பால் இருமல் குறைந்துகொண்டே வந்தது. தலையணையில் தலையின் வடிவம் வந்துவிட்டது. இனி முகம் மட்டும்.

கண்ணாடியைப் பார்த்தான். கண்ணிலிருந்து தொடங்குவதா, வாயிலிருந்தா. தூரிகை படத்தின் துணியைத் தொடவில்லை. ஒரு கோடு. ஒரே ஒரு கோடு. முடியவில்லை. தூரிகையைக் கீழே போட்டான். பிள்ளைதான் தேறி வருகிறாளே, இது போதும் என்று தனக்குச் சொல்லிக்கொண்டான். முகம் இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளைப் பூச்சு மட்டும்.

"என்னங்க," பெட்ரீனாவின் குரல் உடைந்து வந்தது. "கஞ்சி கேக்கறா. எழுந்து உக்காந்துட்டா."

நான் வரேன் என்று சொல்ல வாயைத் திறக்கப் பார்த்தான்.

திறக்கவில்லை.

கையை உயர்த்தினான். விரலுக்கடியில் உதடு இல்லை. மூக்கு இல்லை. இழுத்துக் கட்டிய துணியின் நெசவு. சொரசொரவென்று. கண்ணாடியைத் தேடினான். எதால் தேடுவது. எல்லாம் வெள்ளை.

வெறுங்காலில் ஓடிவரும் சின்னக் காலடிகள். வாசலில் நின்றுவிட்டன.

"அம்மா," ஊல்லா மெதுவாகக் கூப்பிட்டாள். "அப்பா சட்டைய போட்டுக்கிட்டு இங்க ஒன்னு நிக்குது."