எஸ்ராயியின் மூன்று நிமிடங்கள்

காலக்கண் அறையின் கதவு படாரென்று திறந்தது. ஜெபக்கனி வெளியே ஓடிவந்தாள். ஐம்பத்திரண்டு வயதுப் பெண்மணி அப்படிக் குதித்ததைப் பாளையங்கோட்டை ஆய்வகம் அதுவரை கண்டதில்லை.

"பாத்துட்டேன் சுடலை! எஸ்ராயியப் பாத்துட்டேன்!"

இயந்திரத்தை இருபது வருடமாக ஓட்டும் சுடலைமணிக்கே கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "மெள்ளக்கா, மெள்ள! ஆளு எப்படி இருந்தாவ?"

பதினோரு வருடக் காத்திருப்பு அது. காலக்கண் பழைய ஒளியையும் ஒலியையும் தோண்டியெடுத்து ஒருவருக்குக் காட்டும். ஒரே ஒருவருக்கு, ஒரே ஒருமுறை. பார்த்ததும் அந்தக் காட்சி தீர்ந்துபோகும். அதன் பிறகு மட்டுமல்ல, எந்தக் காலத்திலிருந்து யார் பார்த்தாலும் வெறும் இருட்டுதான். இது புரிவதற்குள் உலகம் பெரிய காட்சிகளையெல்லாம் அள்ளித் தின்றுவிட்டது. கோலியாத்தைத் தாவீது வீழ்த்திய கணத்தை ஒரு பணக்காரர் தன் பிறந்தநாளுக்குப் பார்த்துத் தீர்த்தார். கல் பட்ட நேரத்தில் தும்மிவிட்டாராம். வயிறு எரியாதா?

மிஞ்சியவர்கள் யாருக்கும் வேண்டாதவர்கள். தாவீதின் வீரர்கள் முப்பத்தேழு பேரில் கர்மேல் ஊர் எஸ்ராயி அப்படி ஒருவன். வேதாகமத்தில் ஊரும் பேரும் மட்டும். என்ன செய்தான் என்று ஒரு வரி கிடையாது. அந்த வரியைத்தான் ஜெபக்கனி தேடினாள்.

"மகனுக்குப் பயந்து தாவீது ராஜா ஊரைவிட்டுப் போறாரு. மேட்டுல ஒருத்தன் திட்டித் திட்டிக் கல்லெறியுதான். இவன் வாளை உருவிட்டான். 'எஸ்ராயி, விட்டுரு'ன்னாரு ராஜா. வாளை உள்ள போட்டுட்டு, கல்லு வார பக்கமா மாறி நடந்தான் சுடலை! அத்தனை கல்லும் அவன் தோள்லதான். ஒண்ணைக்கூடத் திருப்பி எறியல!"

அவள் அழுதாள், சிரித்தாள். அதற்குள் பதிவாளர் தங்கத்துரை வந்துவிட்டார்.

வேறு பதிவுக் கருவி பக்கத்தில் இருந்தால் காட்சி கலங்கும். அதனால் பார்ப்பவர் தனியறையில் கண்டதை அப்போதே உரக்கச் சொல்லவேண்டும். பிறகு பதிவாளர் அதே காலக்கண்ணால் அந்த அறையின் நிமிடங்களைப் பார்த்து உறுதி செய்வார். உறுதியானால் எஸ்ராயி வரலாற்றில் ஏறுவான். இல்லையென்றால் கட்டுக்கதை என்று தள்ளிவிடுவார்கள்.

உள்ளே போன தங்கத்துரை பத்தே நொடியில் வெளியே வந்தார். "இருட்டா இருக்கும்மா. நீங்க உள்ள இருந்த மூணு நிமிஷமும் தீந்துபோச்சு."

"யாரு பாத்தா? நான் இப்பதான வெளிய வந்தேன்!"

சுடலைமணி வாயைப் பிளந்தான். "அக்கா, இனிமே பொறக்கப்போற யாரோ உங்களப் பாத்துட்டாவ!"

"தேடிப் பாக்குறதுக்கு இவங்க பேரு யாருக்குவே தெரியும்?" என்றார் தங்கத்துரை. ஆனாலும் இன்னொருமுறை உள்ளே எட்டிப்பார்த்துவிட்டுத்தான் பதிவேட்டில் அவள் பேருக்கு நேரே 'சான்று இல்லை' என்று எழுதினார்.

பதினோரு வருடமும் பாழ்.  ஆனால் அடுத்த கணமே ஜெபக்கனிக்கு உடம்பு சிலிர்த்தது. ஏட்டில் பேர் மட்டும் மிஞ்சிய அவளைத் தேடி எவரோ தவம் கிடந்திருக்கிறார். அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் கேட்டிருக்கிறார். எஸ்ராயியின் கதை அவருக்குத் தெரியும்!

பிறகு அவள் முகம் மெல்ல மாறியது.

"பாவம்டே அந்த ஆளு," என்றாள். "அவரு நிமிஷத்தையும் யாராவது பாத்துத் தீத்துட்டா, அவரு காலத்துல போய்ச் சொன்னா மட்டும் யாரு நம்புவா?"