டேப்பில் கேட்ட கௌதாரி

1949 ஐப்பசி. மொரப்பூரில் துப்பறிபவர் பச்சியப்பனின் வீட்டு வாசலில், வத்தல்மலையிலிருந்து நடந்தே வந்த செல்லி மூச்சிரைக்க நின்றாள்.

"மான்குட்டியக் கொன்னாருன்னு எங்க வூட்டுக்காரரப் புடிச்சிட்டாங்க. புதுச் சாமையச் சாமிக்குப் படைக்கிற வரைக்கும் நாங்க கறியே தொடமாட்டோமுங்க. அவரு ஜெயிலுக்குப் போனா அறுக்க ஆளில்லாம வெளஞ்சதெல்லாம் கொட்டிப்போயிருமுங்க."

மத்தியானமே பச்சியப்பனும் நண்பர் கோவிந்தனும் அவளோடு ரேஞ்சர் ஆபீசுக்குப் போனார்கள். செல்லியின் புருஷன் தீர்த்தன் கயிற்றால் கை கட்டப்பட்டு மூலையில் குந்தியிருந்தான். மேஜைமேல் செத்த குட்டி. அதன் காலில் காசளவு காசளவாக மயிர் கருகியிருந்தது.

"கறிக்குப் பொசுக்க ஆரம்பிச்சிருக்கான்" என்றார் ரேஞ்சர்.

"சத்தம் கேட்டு ஓடினேனுங்க, அவ்வளவுதான்" என்றான் தீர்த்தன்.

சாட்சி, தருமபுரிப் பணக்காரர் சென்றாயன். காட்டுக் குரல்களைப் பதிவுசெய்யச் சீமையிலிருந்து டேப் ரெக்கார்டர் வரவழைத்தவர். "அழுகை கேட்டுத்தான் மெஷினை ஓட்டினேன். கிட்டப் போறதுக்குள்ள கண்ணியிலேயே செத்துடுச்சு. இவன்தான் அங்கே நின்னான்."

"போட்டுக் காட்டுங்க" என்றார் பச்சியப்பன்.

டேப் சுழன்றது. முதலில் ஒரு கௌதாரி நிதானமாகக் கத்தியது. பிறகு 'டிக்' என்றொரு சத்தம். உடனே குட்டி வீறிட்டது. அடங்கியது. மறுபடி டிக், மறுபடி வீறல். ஐந்து தடவை. செல்லி காதைப் பொத்திக்கொண்டாள். சென்றாயனோ கச்சேரி கேட்பவரைப்போல் தலையாட்டினார்.

"அந்த டிக் என்னங்க?" என்றார் கோவிந்தன்.

"மெஷின் சத்தம்."

பச்சியப்பன் பீடியை வாயில் வைத்தார். "நெருப்பு இருக்குங்களா?"

சென்றாயன் பெருமையோடு லைட்டரை எடுத்துப் பற்றவைத்தார். டிக்.



"மான் வீறிட்டா பக்கத்துல ஒரு பறவையும் வாயைத் திறக்காது" என்றார் பச்சியப்பன். "ஆனா டேப்புல கௌதாரிதான் முதல்ல. குட்டி அழப்போகுதுன்னு முன்கூட்டியே தெரிஞ்சவர்தான் மெஷினை ஓட்டியிருக்கார். மானைக் கறிக்கு எடுக்கிறவன் தோலை உரிப்பான், பொசுக்கமாட்டான். மலைக்காரனுக்கு அது தெரியும். கட்டிப்போட்டு, இந்த லைட்டராலேயே அழ அழச் சுட்டிருக்கீங்க. கேட்டு ஓடிவந்தவன் தலையில பழியைப் போட்டுட்டீங்க."

ரேஞ்சர் எழுந்து தீர்த்தனை அவிழ்த்துவிட்டார். அதே கயிறோடு சென்றாயனிடம் வந்தார்.

"ஒரு குட்டிதானே சார்" என்றார் சென்றாயன். "டேப்பை மட்டும் பத்திரமா வைங்க. இவ்வளவு தெளிவா இன்னொரு தடவை கிடைக்காது."

கோவிந்தன் வெளியே ஓடி வாந்தியெடுத்தார். எந்த நெருப்பில் பற்றவைத்த பீடி என்பது பச்சியப்பனுக்கு அப்போதுதான் உறைத்தது. அதைத் துப்பிவிட்டு வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கேட்டார்.