ஆதிரையின் மூன்றாவது கார்

"சனியனே… இண்டைக்கெண்டு பார்த்தோ உனக்குச் சாக வேணும்?"

மழையின் இரைச்சலுக்கு நடுவே அந்தத் தமிழ் காதில் விழுந்ததும், பேருந்து நிழற்குடைக்குள் ஒதுங்கியிருந்த வருண் திடுக்கிட்டு எழுந்தான். ஸ்டுட்கார்ட்டுக்குத் தெற்கே, மலைமேல் ஒரு சின்னக் கிராமம். ரயிலில் மூன்று மணி நேரத் தொலைவிலுள்ள கார்ஹிங் நகரில் ஆராய்ச்சிக்கூடமே கதியென்று கிடப்பவன், விடுமுறைக்குத் தனியாக நடக்க வந்த இடத்தில்… தமிழில் திட்டா?

சாலையோரத்தில் தந்த நிறத்தில் ஒரு குட்டிக் கார். இரண்டே இருக்கைகள். ஐம்பது வருடங்களுக்கு முன் இங்கிலாந்தில் பிறந்து, இங்கே வந்து மூப்படைந்த ஸ்போர்ட்ஸ் கார். அதன் துணிக்கூரை பாதிவரை வந்து சிக்கி நின்றது. டயரை உதைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

கண்கள்… இமை நுனியில் மழைத்துளி தொங்க, கோபத்தில் இன்னும் பெரிதாகிப்போன கண்கள்.

வருணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்திருக்கக் கூடாது.

"என்ன சிரிப்பு?"

"இல்லீங்க… கார்கிட்ட இவ்ளோ உரிமையா யாரும் சண்டை போட்டுப் பார்த்ததில்ல. இந்த டப்பாவையா மலைமேல ஓட்டிட்டு வந்தீங்க?"

"டப்பாவோ!" அவள் இடுப்பில் கை வைத்தாள். "நீங்கள் இந்தியாவோ?"

"பாளையங்கோட்டை. பேரு வருண். எலெக்ட்ரிக் கார் பேட்டரியில ரிசர்ச்."

"ஓ… அதுதான் இந்த வாய். நான் ஆதிரை. ஸ்டுட்கார்ட்டில மூக்குக்கண்ணாடிக் கடையில வேலை. சிரிச்சது காணும், வந்து தள்ளுங்கோ."

அவள் ஏறி அமர, அவன் தோள்பையைப் பக்கத்து இருக்கையில் போட்டுவிட்டுத் தள்ளினான். சரிவில் கார் உருண்டது… இருமியது… பிறகு ஒரு குலுக்கலோடு உயிர் பெற்றுப் பாய்ந்தது. பாய்ந்தது பாய்ந்ததுதான். வளைவில் திரும்பி மறைந்தே போய்விட்டது, அவனுடைய பையோடு.

பையில்தான் மடிக்கணினி, பணப்பை, வீட்டுச் சாவி எல்லாம். 'நல்லா இருக்குடா வருண்' என்று அவன் தலையில் கை வைத்து நின்றபோது, கிராமத்து வட்டச்சந்தியைச் சுற்றிக்கொண்டு அதே கார் எதிர்த்திசையில் திரும்பி வந்தது. நனைந்த கூந்தல் முகத்தில் ஒட்டியிருக்க, அவள் கத்தினாள்.

"ஏறுங்கோ! நிப்பாட்ட ஏலாது, நிண்டால் செத்துப்போகும்!"

"ஓடுற வண்டியிலயா?"

"பாயுங்கோ!"

இரண்டாவது சுற்றில்தான் பாய்ந்தான். கதவுக்கு மேலாக, கால் வேறு கை வேறாக. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் அவன் நனைந்திருந்ததை மறந்துபோனான்.

மலையிறங்கும்வரை அவள்தான் பேசினாள். இது அவளுடைய மூன்றாவது ஆங்கிலேயக் காராம். முதலாவது சிவப்பு. ஆவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சியை முடித்து முதல் வேலையில் சேர்ந்த வருடம் வாங்கியது.

"அதில வலப்பக்கம் திருப்பினால் இடப்பக்கக் கதவு தானாத் திறக்கும். ஹோர்ன் அடிச்சால் முன்லைட் அணையும். ஹீட்டர் வெய்யில் காலத்தில மட்டும் வேலை செய்யும். ஆனா, சரியான வடிவு!"

"அப்புறம்?"

"துருப்பிடிச்சு, இருக்கைக்குக் கீழ ரோட்டு தெரியத் தொடங்கிட்டுது. அழுது அழுதுதான் குடுத்தன். ரெண்டாவது பச்சை. ஒருக்கா மழையில வைப்பர் நிண்டு போச்சு. சிநேகிதி அஜிதா பக்கத்தில. வைப்பர்க் கைகளில ரெண்டு கயிறு கட்டி, ரெண்டு ஜன்னலாலயும் உள்ள எடுத்து, ஒரு இழுவை அவள், ஒரு இழுவை நான்… அப்பிடியே ஹம் ஊர்க் கோயில் வரைக்கும் போனம். ரெண்டு பேரும் விடாமல் பாட்டு வேற."

"அவ்ளோ கஷ்டப்பட்டும் மறுபடி இதையா வாங்கினீங்க?"

"கஷ்டமோ?" ஆதிரை அவனை வியப்போடு திரும்பிப் பார்த்தாள். "அஜிதாவுக்கு இப்ப ரெண்டு பிள்ளையள். எப்ப சந்திச்சாலும் அந்தக் கயிற்றுக் கதைதான். ஒழுங்கா ஓடின காரைப் பற்றி ஆருக்கும் ஒரு கதையும் இல்லைத் தெரியுமோ?"

வருணிடம் உண்மையிலேயே ஒரு கதையும் இருக்கவில்லை.

அந்தக் கோடை முழுவதும் சனிக்கிழமைகளில் அவன் ரயிலேறி ஸ்டுட்கார்ட்டுக்கு வந்தான். 'கார் எப்படி இருக்கு' என்று பார்க்கத்தான் வருவதாகச் சொன்னான். அவளும் நம்புவதாகக் காட்டிக்கொண்டாள். காருக்கு அடியில் ஒழுகும் எண்ணெய்க்குப் பக்கத்து வீட்டு அம்மையார் தன் பழைய கேக் தட்டைக் கொண்டுவந்து வைத்த கதைக்கு இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். ஆதிரையின் தாய் சந்திரகாந்தி, மருத்துவமனைச் சமையலறையில் வேலை செய்பவர், அவனுக்கு அப்பம் சுட்டுக் கொடுத்தார். ஆதிரை காரைப் பழுதுபார்க்க, விளக்கைப் பிடித்தபடி அவன் அருகில் நிற்கும்போது, கிறீஸ் படிந்த அவள் கன்னத்தைத் துடைத்துவிடக் கை துறுதுறுக்கும்… துடைத்ததில்லை.

பிறகு அந்தத் தேர்த் திருவிழா வந்தது.

ஹம் கோயில் தேருக்கு அம்மாவை அந்தக் காரில்தான் கூட்டிப்போவேன் என்று ஆதிரை ஒற்றைக் காலில் நின்றாள். இரண்டே இருக்கை என்பதால் வருண் ரயிலில் முன்னே போய்க் காத்திருந்தான். தேர் புறப்பட்டது, வீதி சுற்றியது, நிலைக்கும் வந்தது. அவர்களைக் காணோம். வெயில் சாயும் நேரத்தில் ஒரு இழுவை லொறி வந்து நின்றது. முன்னிருக்கையிலிருந்து, பட்டுச்சேலை கசங்கி, வாடிய பூவோடு சந்திரகாந்தி இறங்கினார், அவரைத் தொடர்ந்து ஆதிரை. பின்னால் லொறியின் முதுகில் அந்தத் தந்த நிறக் கார்.

"தேர் முடிஞ்சு போச்சோ தம்பி?" என்று கேட்டவரின் கண்கள் நிறைந்துவிட்டன.

அதைப் பார்த்ததும் வருணுக்கு எங்கிருந்துதான் அந்தப் பேச்சு வந்ததோ.

"ஆதிரை, போதும். ஆன்ட்டிய இப்படி நடுரோட்ல நிக்க வச்சிருக்கீங்க. வித்துத் தொலைச்சிட்டு, நல்லதா ஒரு எலெக்ட்ரிக் கார் வாங்குங்க. இது வெறும் பிடிவாதம்."

அந்தப் பெரிய கண்கள் ஒரு கணம் அவனைப் பார்த்தன. கோபம்கூட இல்லை அவற்றில்.

"ஊர் உலகமெல்லாம் சொல்றதைத்தான் நீங்களும் சொல்றியள்," என்றாள் மெதுவாக. "நீங்கள் சொல்ல மாட்டியள் எண்டு நினைச்சிருந்தன்."

அதன்பிறகு சனிக்கிழமைகள் வெறுமையாகப் போயின. 'நான் சொன்னதுல என்ன தப்பு' என்று அவன் இருந்தான். 'அவர்தானே போன் எடுக்க வேணும்' என்று அவள் இருந்தாள். கடையில் யாருடைய கண்ணைச் சோதித்தாலும், மழையில் சிரித்த இரண்டு கண்கள்தான் அவளுக்குத் தெரிந்தன. கார் மட்டும், அவளைக் கேலி செய்வதுபோல, ஒரு தடவைகூட நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

இலையுதிர் காலத்துச் சனிக்கிழமை ஒன்றில் அவள் கைபேசி மேசையில் அதிர்ந்தது. 'வருண்' என்ற பெயரைப் பார்த்தாள். எடுக்கவில்லை. மறுபடி அதிர்ந்தது. சந்திரகாந்தி எட்டி எடுத்துக் காதில் வைத்தார்.

"ஓம் தம்பி… என்ன? நீரோ? எப்ப வாங்கினனீர்?… ஐயோ, மழையிலயோ?… நில்லும், நில்லும்."

கைபேசியைக் கீழே வைத்துவிட்டு மகளைப் பார்த்தார்.

"அந்தப் பிள்ளை உன்ரை கார் மாதிரியே ஒரு பழசை வாங்கியிருக்கு. உனக்குக் காட்ட வந்து, கைஸ்லிங்கன் மலைப்பாதையில நிண்டு போச்சாம். போ."

"இழுவை லொறிக்குச் சொல்லட்டும். நான் ஏன் போக வேணும்? அண்டைக்கு உங்களுக்காகத்தானே அவர் என்னை அப்பிடிப் பேசினவர்."

சந்திரகாந்தி மகளின் பக்கத்தில் வந்து அமர்ந்தார்.

"தேரைப் பார்க்கேல்லை எண்டு அழுதது உண்மைதான். ஆனா ஆதிரை… அண்டைக்குக் கார் நிண்ட இடத்தில, ரோட்டோரப் புல்லுக்குள்ள இருந்து, வடையைத் திண்டுகொண்டு, எவ்வளவு கதைச்சம்! நான் சைக்கிள் பழகி மதகுக்குள்ள விழுந்த கதைக்கு நீ உருண்டு உருண்டு சிரிச்சாய். அப்பா போனதுக்குப் பிறகு உனக்கு வேலை, எனக்கு ஷிப்ட். ரெண்டு பேரும் ஆறுதலா இருந்து கதைச்சது அண்டைக்குத்தான். வேலையிடத்தில எல்லாருக்கும் அதைத்தான் சொல்லித் திரியிறன். தேரை ஆரும் கேக்கேல்லை."

ஆதிரை அம்மாவின் தோளில் ஒரு கணம் முகம் புதைத்துவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

மலைப்பாதையின் பாதியில், சாலையோர ஒதுக்கிடத்தில், மண்ணிறத்தில் ஒரு கார். அதன் முன்மூடிக்குள் தலையை நுழைத்தபடி வருண். தலைமுடியிலிருந்து நீர் சொட்டியது. கை இரண்டும் கரி. தன் காரை அவனுக்குப் பின்னால் நிறுத்திவிட்டு வந்தவளைப் பார்த்ததும், திருடனைப் போல் விழித்தான்.

"உங்கட ரிசர்ச் என்ன சொல்லுது?" என்றாள், முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு.

"ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது. வீட்டு வாசல்லயே ஒரு தடவை நின்னுச்சு. வர்ற வழியில அவுக்ஸ்பூர்க்ல ஒரு தடவை. ஒரு தாத்தா வந்து சூப் குடுத்தாரு, அவரோட முதல் காரும் இதேதானாம். விடவே இல்ல, போட்டோ எல்லாம் காட்டினாரு." மூச்சு வாங்கினான். "எல்லாத்தையும் உடனே உங்ககிட்ட சொல்லணும்போல இருந்துச்சு, ஆதிரை. அப்பத்தான் உறைச்சுது, அன்னைக்கு நான் எவ்ளோ கேவலமாப் பேசிருக்கேன்னு. ஸாரி."

அவள் இறுக்கம் தளர்ந்தது.

"அதுக்கு ஒரு காரே வாங்க வேணுமோ? போன் எடுத்துச் சொல்லியிருக்கலாமே."

"உங்க கார் எங்கயாவது நின்னா கூப்பிடுவீங்கன்னு தினமும் காத்திருந்தேன். நிக்கவே இல்ல போல…"

"பாழாய்ப்போனது, நிக்கவே இல்லை!" என்றாள் அவள் வெடித்து. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. கன்னம் சிவந்தது.

மழை வலுத்தது. இருவரும் அந்த மண்ணிறக் காருக்குள் ஓடி ஏறினார்கள். கதவை மூன்று தடவை அறைந்த பிறகுதான் சாத்த முடிந்தது. தோளோடு தோள் உரசும் அளவுக்கு உள்ளே இடம். கண்ணாடியில் ஆவி படிந்து உலகமே மறைந்தது.

"ஆதிரை… நான் ஒண்ணும் காரைப் பார்க்க ஸ்டுட்கார்ட் வரல."

"தெரியும்."

"உங்களத்தான் பார்க்க வந்தேன். ஒவ்வொரு வாட்டியும். எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு."

அவள் குனிந்து தன் விரல்களையே பார்த்தாள். அவன் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"எனக்கும் உங்களில விருப்பம்தான்… அம்மாவுக்கு எனக்கு முதலே தெரியும் போல."

அவன் கரிக்கையை நீட்டினான். அவள் கன்னத்தைத் தொட்டான். அங்கே ஒரு கறுப்புக் கோடு விழுந்தது. இருவரும் சிரித்தார்கள்.

"ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கட்டுமா?" அவன் சாவியில் கை வைத்தான்.

அவள் கை வந்து அந்தக் கையை அழுத்திப் பிடித்தது.

"வேண்டாம்."

"ஏன்?"

குறும்பு மின்னும் அந்தக் கண்கள் அவனைப் பார்த்தன.

"ஓடத் தொடங்கிட்டுதெண்டால்…?"