அறுத்துவிட்ட கயிறு

வேன் நுழைய முடியாத சந்து என்பதால்தான் எங்களைக் கூப்பிட்டார்கள். வேன் தெருமுனையில் நின்றுகொண்டது. நானும் என் மனைவியின் தம்பியும் கைவண்டியை இழுத்துக்கொண்டு உள்ளே போனோம். உச்சி வெயில். இளகிய தார் செருப்பைப் பிடித்துப் பிடித்து விட்டது. சந்தின் கடைசியில் ஒரு பழைய வீடு. எல்லா ஜன்னலுக்கும் பலகை அடித்திருந்தார்கள். யாரோடோ சண்டை போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்த ஆள் மாதிரி இருந்தது வீடு.

வேலை என்னவோ சாதாரண வேலைதான். பழைய புத்தகங்கள் சேர்க்கிற ஒருவர் வீடு மாறுகிறார். பெட்டிகளை வண்டியில் வைத்து வேன் வரைக்கும் கொண்டுபோக வேண்டும். இதில் பயப்பட என்ன இருக்கிறது? உண்மையைச் சொன்னால், இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பயத்தைவிட ஆத்திரம்தான் முந்திக்கொண்டு வருகிறது.

கதவைத் திறந்தவர் அந்த வெயிலில் கழுத்து வரை கம்பளிச் சட்டை போட்டிருந்தார்.

"கைய கழுவுங்க. சோப்பு போட்டு. உங்க வேர்வை புத்தகத்துல படக்கூடாது."

"வேர்வை படாம மூட்டை தூக்க இன்னும் பழகல சார்," என்றான் மச்சினன்.

அவர் சிரிக்கவில்லை. குழாயைக் காட்டினார்.

புத்தக அறை வீட்டின் பின்பக்கம். கனத்த கதவு. உள்ளே குளிர்பதன இயந்திரம் ஓயாமல் உறுமிக்கொண்டிருந்தது. காலை வைத்ததும் பல் கிட்டியது.

"மாமா," என்று என் காதில் கிசுகிசுத்தான் மச்சினன். "ஆளு ஐஸ்பெட்டிக்குள்ள குடித்தனம் பண்றாரு."

அதற்குப் பிறகு எங்களுக்கு அவர் ஐஸ்பெட்டிதான்.

சுவர் தெரியாமல் புத்தகங்கள். நீலத் துணி, பச்சைத் துணி, தோல் அட்டை. அட்டைகளில் தங்க நிறத்தில் பாய்மரக் கப்பல்கள், வெள்ளைக் கரடிகள். எல்லாமே உலகத்தின் நுனிக்கு, பனியைத் தவிர வேறொன்றும் இல்லாத இடத்துக்குப் போனவர்களின் கதைகளாம். சொன்னவருக்குக் கப்பல் என்றாலே குமட்டல். அதையும் அவரே பெருமையாகச் சொன்னார்.

ஒரு தட்டு முழுக்க ஒரே பெயர், முதுகுக்கு முதுகு பொன்னெழுத்தில் மின்னியது. நான் விரலை வைத்து எழுத்துக் கூட்டினேன்.

"உனக்குப் படிக்கத் தெரியுமா?" நாய் பேசினால் கேட்பதுபோல் கேட்டார்.

"இங்கிலீஷும் கூட்டிக் கூட்டிப் படிப்பேன் சார். லேட்டாத்தான் கத்துக்கிட்டேன்."

"அது கேப்டன் பேரு. பெரிய வீரன். அவர் எழுதின அத்தனை பாகமும் முழுசா இருக்கறது என்கிட்ட மட்டும்தான்." கடைசிப் பாகத்தை எடுத்து ஓரத்தைக் காட்டினார். பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டி மூடியிருந்தன. "பாத்தியா? அந்தக் காலத்துல தாளை மடிச்சுத் தைச்சு அப்படியே குடுப்பாங்க. வாங்கறவன்தான் கத்தியால ஓரத்தைப் பிரிச்சுப் படிக்கணும். இதை இன்னிக்கு வரைக்கும் ஒருத்தனும் பிரிக்கல."

"நீங்களுமா படிக்கல?"

"பிரிச்சா மதிப்பு போச்சே!"

எனக்குச் சுரீரென்றது. வேலை முடிந்து, இடுப்பு கழன்றுவிழ, சின்னப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் காலை மடக்கி உட்கார்ந்து நான் கற்ற எழுத்து. இந்த மனிதர் அதே எழுத்தை வாங்கிவந்து, வாயைத் தைத்துப் பூட்டிவைத்திருக்கிறார். பெட்டிகளைத் தூக்கினோம். அவர் வேன் டிரைவரோடு போனில் சண்டை போட வாசலுக்குப் போனார்.

கடைசியாக மிஞ்சியது கேப்டனின் புத்தகங்கள் அடங்கிய இரும்புப் பெட்டி. தூக்க முடியாது, இழுக்கத்தான் வேண்டும். வாரைக் கட்டி ஒரு இழு இழுத்தோம். பட்டென்று அறுந்தது எங்கள் வார்.

"இந்தா இருக்கே மாமா ஒண்ணு," என்றான் மச்சினன்.

மூலையில் ஒரு தட்டையான மரப்பெட்டி திறந்து கிடந்தது. அதற்குள் பருத்த கித்தான் துணியில் தைத்த தோள்வார். மார்பைச் சுற்றிப் பூட்ட ஒரு வளையம், பித்தளைக் கொக்கி, பின்னால் நீளமான கயிறு. கயிற்றின் மறுமுனை பிசிறில்லாமல் அறுக்கப்பட்டிருந்தது. தையல் அவ்வளவு நேர்த்தி. இதுவும் சாமான் கட்டத்தான் கிடக்கிறது என்றே நாங்கள் இருவரும் நினைத்தோம். இழுக்கிறவன் கண்ணுக்கு அது வார். வேறென்னவாகத் தெரியும்?

கயிற்றைப் பெட்டியில் கட்டிவிட்டு, வளையத்தை மாட்டிக் கொக்கியைப் பூட்டினான். "அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கு மாமா."

அப்போதுதான் அந்த நாற்றம் அடித்தது. ஈரக் கம்பளியும் கெட்டுப்போன கொழுப்பும் கலந்த நாற்றம்.

அவன் முன்னால் இழுக்க, நான் பின்னாலிருந்து தள்ளினேன். பெட்டி அறையைத் தாண்டி நடைக்கு வந்தது. இரும்பு தரையில் உரசினால் காது கூசும். இது அப்படிக் கேட்கவில்லை.

நறநறவென்று, பொடித்த உப்பின் மேல் போவதுபோல் கேட்டது.

"மாப்ளே, நில்லு."

அவன் ஏற்கெனவே நின்றிருந்தான்.

குளிர் அறை எங்களுக்குப் பின்னால் மூடிக்கிடந்தது. நடையில் வெக்கை இருக்க வேண்டும். ஆனால் அவன் வாயிலிருந்து புகை வந்தது.

"கழட்ட வரல மாமா." உதடு நீலம் பாரித்திருந்தது. "குளுருது."

கொக்கியில் கைவைத்தேன். விரல் ஒட்டிக்கொண்டது. பிடுங்கினால் தோல் உரிந்து வந்தது. அவன் முழங்கால் மடங்கித் தரையில் விழுந்தான். இமைகளில் வெள்ளையாக ஏதோ படிந்துகொண்டிருந்தது. அவன் மனைவிக்கு நிறைமாதம். "வீட்ல சும்மா இருக்கான், கூட்டிட்டுப் போங்க, பத்திரமா கொண்டுவந்து விடுங்க," என்று அன்று காலை என் மனைவி சொன்னது நெஞ்சில் அறைந்தது.

இடுப்பிலிருந்து கத்தியை உருவினேன். வாரில் வைத்தேன்.

"அறுக்காதே."

மச்சினன் வாய்தான் அசைந்தது. குரல் அவனுடையது இல்லை. கிழடுதட்டிப்போன, உப்புப் படிந்த குரல்.

சத்தம் கேட்டு ஐஸ்பெட்டி ஓடிவந்தார். கீழே கிடந்தவனை அவர் பார்க்கவே இல்லை. வாரைத்தான் பார்த்தார்.

"ஐயோ! அதை யாரு எடுக்கச் சொன்னது? அது என்னன்னு தெரியுமாடா உங்களுக்கு?"

"என்னன்னு நீங்க சொல்லுங்க. சீக்கிரம்."

"கேப்டனோட ஆளு ஒருத்தன் மாட்டியிருந்தது. பனியில சறுக்கு வண்டி இழுத்தவன். வழியில செத்துட்டான், கயித்தை அறுத்துட்டு மத்தவங்க போயிட்டாங்க. ரொம்ப வருஷம் கழிச்சு வேற ஒரு கப்பல்காரங்க கண்டெடுத்தாங்க. ஆளு இல்ல. வாரு மட்டும், கொக்கி பூட்டினபடியே."

பூட்டினபடியே. மச்சினன் மார்பிலும் அது அப்படித்தான் இருந்தது.

"அவன் பேரு என்ன?"

"பேரா?"

"பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பாக்கறேன். விடச் சொல்லிக் கேக்கறேன். பேரு!"

"யாரோ ஒரு மாலுமி. கடைசிப் பாகத்துல இருக்கலாம். அந்தப் பக்கமெல்லாம் பிரிக்கல."

இரும்புப் பெட்டியைத் திறந்து கடைசிப் பாகத்தை எடுத்தேன். கையில் கத்தி இருந்தது. அவர் என் காலைக் கட்டிக்கொண்டார். மச்சினன் செத்துக்கொண்டிருக்கும்போது குனியாத முதுகு, ஒரு தாளுக்காகக் குனிந்தது.

உதறிவிட்டுக் கிழித்தேன். ஓரம் ஓரமாக, மடிப்பு மடிப்பாக. பிள்ளையின் கழுத்தை அறுத்ததுபோல் அலறினார். விரித்த புத்தகத்தை அவர் முகத்துக்கு நேராக நீட்டினேன்.

"அவன் விழுந்த இடம் எங்க இருக்கு? படிங்க. நான் கூட்டிப் படிக்கறதுக்குள்ள இவன் போயிடுவான்."

தேடினார். ஒரு பக்கத்தில் விரலை வைத்துத் தமிழாக்கிப் படித்தார்.

"'இன்று எங்கள் ஆட்களில் ஒருவன் விழுந்தான். எழவில்லை. கயிற்றை அறுத்துவிட்டு நடந்தோம். அவன் கூப்பிடுவது வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது.'"

அவரே நிறுத்திவிட்டார். அவருக்கும் அது தெரியாது போலிருக்கிறது.

"கூப்பிட்டானா? செத்துட்டான்னு சொன்னீங்க."

"அப்படித்தான் எல்லாரும்..."

"பேரு?"

"இல்ல."

"அடுத்து என்ன எழுதியிருக்கு?"

"நாய்ங்க," என்றார் மெதுவாக. "வண்டி இழுத்த நாய்ங்க நல்லா இழுத்துச்சாம். அதுங்க பேரெல்லாம் எழுதியிருக்காரு."

ஒவ்வொரு நாய்க்கும் பெயர் இருந்தது. ஒவ்வொன்றாக வாசித்தார். அவனுக்கு இல்லை.

எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அது பயம் இல்லை. அந்தக் கேப்டன் மட்டும் கையில் கிடைத்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று தெரியாது. அந்த நேரம், வீட்டின் ஜன்னல் பலகைகள் எல்லாம் ஒருசேர அடித்துக்கொண்டன.

படார்.

மறுபடியும். படார்.

கோபம் எனக்கு மட்டும் இல்லை.

கத்தியைத் தூக்கி எறிந்தேன். மச்சினன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் கண்ணுக்குள் பார்த்து, அங்கே இருந்த இன்னொருவனிடம் பேசினேன்.

"கேட்டுக்கோ. நான் அறுக்க மாட்டேன். விட்டுட்டுப் போகவும் மாட்டேன். எழுந்திரு. மூணு பேரும் சேர்ந்து வெளியில போறோம்."

ஐஸ்பெட்டியைப் பார்த்து, "பின்னாடி தள்ளுங்க சார்," என்றேன்.

அவர் கிழிந்த புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினார். "கெடுத்துட்டியே பாவி. கெடுத்துட்டியே."

மச்சினனை ஒரு கையால் அணைத்துத் தூக்கினேன். மறுகையில் கயிற்றைச் சுற்றினேன். இழுத்தேன். பெட்டி அசையவில்லை. திரும்ப இழுத்தேன். அதே நறநற. வாசல் எங்கேயோ தூரத்தில் ஒரு வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. காதுக்குள் காற்று ஊளையிட்டது. கால் பொதபொதவென்று புதைந்தது. கீழே பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"விட்டுடு மாமா," என்றான். இந்த முறை அவனுடைய குரலேதான். "நீ போ."

"வாய மூடு. உங்கக்காவுக்கு யாரு பதில் சொல்றது?"

திடீரென்று சுமை பாதியானது.

எனக்கு இடப்பக்கம் மச்சினன். வலப்பக்கம் யாரும் இல்லை. ஆனால் கயிறு வலப்பக்கமாகவும் விறைத்து நின்றது.

வலப்பக்கத்தில் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. நான் மூச்சை அடக்கிப் பார்த்தேன்.

அது நிற்கவில்லை.

பின்னாலிருந்து ஐஸ்பெட்டியின் குரல் வந்தது. "அது... யாருடா அது... உங்ககூட?"

நான் திரும்பவில்லை.

வாசற்படியில் வெயில் முகத்தில் அடித்ததும் கொக்கி தானாகக் கழன்றது. டக். மச்சினன் என் மேல் சரிந்தான். பெட்டியைப் படியிலேயே விட்டு, வாரை அதன் மேல் போட்டுவிட்டு, அவனை எங்கள் வண்டியில் கிடத்தி ஓட்டமாக இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள் என் மனைவி. "வெயில்ல போனவன் மேலு எப்படிங்க சில்லுனு இருக்கும்? எங்க கூட்டிட்டுப் போனீங்க?"

"ஐஸ்பெட்டிக்குள்ளக்கா," என்றான் கண்ணைத் திறந்து. அந்தக் கேலியைக் கேட்டபிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

அவன் பிழைத்துக்கொண்டான். பெண் குழந்தை பிறந்திருக்கிறது. மச்சினன் மார்பைச் சுற்றி அகலமாக ஒரு வெள்ளைத் தழும்பு. அந்த இடம் மட்டும் இன்னும் சூடாவதில்லை. குழந்தையை மார்பில் போட்டுக்கொள்ள மாட்டான். ஐஸ்பெட்டி வீடு மாறவில்லை என்று வேன் டிரைவர் சொன்னான். நாங்கள் ஒரு புத்தகத்தைப் பாழாக்கிவிட்டதாகப் போகிற இடமெல்லாம் புலம்புகிறாராம். வாசலில் விட்ட பெட்டியைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொண்டாராம். வாரைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை.

நேற்று மத்தியானம் டீக்கடை ஓரம் வண்டியை நிறுத்திவிட்டு நானும் மச்சினனும் நிழலில் உட்கார்ந்திருந்தோம். டீயை வாய்க்குக் கொண்டுபோனவன் அப்படியே நிறுத்தினான்.

"மாமா. வண்டிக்கு முன்னால."

வண்டியின் கைப்பிடியில் அந்தக் கயிறு கட்டியிருந்தது. நாங்கள் போடாத முடிச்சு. மறுமுனையில் தோள்வார், கொக்கி பூட்டியபடி. தரையில் கிடக்கவில்லை. மார்பு உயரத்தில், வட்டமாக, காற்றில் நின்றது.

வட்டம் மெல்லப் பெரிதானது. மெல்லச் சிறிதானது. மறுபடி பெரிதானது.

கயிறு விறைத்தது.

வண்டி நகர்ந்தது.

"மாமா, புடி! போகுது!"

எனக்குத் தெரியும், அது ஐஸ்பெட்டியின் சந்துக்குப் போகிற வழி என்று. நான் கிளாசைக் கீழே வைக்கவில்லை.

"போகட்டும் மாப்ளே."

வெயிலில் தார் இளகிக் கிடந்தது. வண்டிச் சக்கரங்களுக்கு முன்னால், அந்தக் கறுப்புத் தாரில், வெள்ளை வெளேரென்று பனி படிந்த காலடிகள். ஒன்றன்பின் ஒன்றாக விழுந்துகொண்டே போயின. ஒன்றுகூட உருகவில்லை.